அண்ணி பேசிய ஊர்வலம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் குரல் கரகரப்புதான். அருங்காட்சியகப் படியில் நின்று பயணிகளிடம் பேசிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் வெறும் காற்று வந்தது. பின்னால் நின்ற பெரியவர், “கைடம்மா, படம் ஓடுது, சவுண்டு வரல!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வெந்நீர், உப்புத் தண்ணீர், தேன் என்று ஒரு மாதமாக எல்லாம் செய்து பார்த்தாயிற்று. டாக்டரிடம் போயே ஆகவேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நிற்கிறார்.

பிப்ரவரி 5, வியாழன்

மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல் வரும் இடத்தில் ஒரு சின்னக் கட்டி. திரையில் நானே பார்த்தேன். “பயப்படாதீங்க, எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம்” என்றார் டாக்டர். அவர் சொல்லும்வரை பயம் இல்லை.

வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். முக்கியமாக அண்ணியிடம்.

பிப்ரவரி 9, திங்கள்

எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் சொன்னது: “வாயே திறக்கக்கூடாது. கிசுகிசுன்னுகூட பேசாதீங்க, அது இன்னும் கெடுதல்.” ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகுமாம்.

சனிக்கிழமை விளக்கு ஊர்வலம். எட்டு வருடமாக அதற்கு வரும் வெளியூர்க்காரர்களை நான்தான் கூட்டிப் போகிறேன். இந்தத் தடவை டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ஒரு வேன் நிறைய. போன வருடமே என் பேரைச் சொல்லிப் பதிவு செய்தவர்கள்.

குரலே திரும்ப வராவிட்டால்? பேசத் தெரியும் என்பதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?

பிப்ரவரி 10, செவ்வாய்

பேசக்கூடாதது நான். வீட்டுக்காரர் எதற்குக் குரலைத் தணித்துப் பேசுகிறார், பாவம்.

பிப்ரவரி 12, வியாழன்

டிராவல்ஸ் மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார். வேறு கைடு யாரும் கிடைக்கவில்லையாம். “கேன்சல் பண்ணிடவா மேடம்?” என்று என்னைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு என் கணவர் முகத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணி உள்ளே வந்தார். கணவரின் அக்கா. பக்கத்துத் தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். ரிப்பன் வாங்க வந்தவர்களை அவர் பேசியே ஒரு பை நிறைய வாங்கவைத்து அனுப்புவார். நாங்கள் இருவரும் மனம்விட்டுப் பேசிக் கொஞ்ச காலமாகிறது. “குடையைத் தூக்கிக்கிட்டு ஊர் சுத்துறதும் ஒரு வேலையா?” என்று ஒருமுறை கேட்டார். எனக்கு அது ஆறவே இல்லை.

எனக்குத் தொண்டைக்கட்டு என்றுதான் அவரிடம் சொல்லிவைத்திருந்தோம். மேனேஜர் வந்த விஷயம் கேட்டதும் சொன்னார்: “எதுக்குக் கேன்சல்? நான் பேசறேன். இவ கூட நிக்கட்டும்.”

வேண்டவே வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மேனேஜர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்!

பிப்ரவரி 15, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதியே ஆகவேண்டும்.

நான் கூட்டத்துக்கு அடையாளமாகக் குடையைத் தூக்கிப் பிடித்து முன்னால் நடக்க, அண்ணி என் பக்கத்தில். ஏற்பாடு இதுதான்: அண்ணி அளந்துவிட்டால் நான் அவர் முந்தானையை இழுக்கவேண்டும். கடைத்தெரு தாண்டுவதற்குள் என் கை வலித்துவிட்டது. மணிக்கூண்டு நானூறு வருடப் பழசு என்றார். இழுத்தேன். “சரி, நாப்பது. பார்க்க வயசான மாதிரி இருக்குல்ல?” டெலிபோன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் அவர் வாயைத் திறந்தாலே எல்லோரும் முதலில் என் கையைத்தான் பார்த்தார்கள்.

மேளம் நெருங்கியது. தெரு முழுக்கக் கையில் விளக்கோடு பெண்கள், குழந்தைகள். ஒரு பயணி அம்மா, “எதுக்காக விளக்கு எடுக்கறாங்க?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் நீளமான பதில் ஒன்று உண்டு. அண்ணியிடம் இல்லை. அவர் சட்டென்று ஊர்வலத்தில் போன ஒரு பெண்ணை நிறுத்தி, “ஏம்மா, நீ எதுக்கு எடுக்கற?” என்றார்.

“தம்பி ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்துட்டான்க்கா, அதுக்கு.” விளக்கை ஒரு கையால் மறைத்தபடி என்னைப் பார்த்து, “நீங்க எடுக்கலியா?” என்றாள்.

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அண்ணி சொன்னார்: “இவளுக்குத் திங்கக்கிழமை ரிசல்ட் வருது. நல்லதா வரட்டும், நாங்க எல்லாரும் எடுக்கறோம்.”

தெரிந்திருக்கிறது! வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்! எத்தனை நாளாகத் தெரியும்? கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போனது. இத்தனை பேச்சிலும் இதை மட்டும் இந்த மனுஷி எப்படி வாய்க்குள் வைத்திருந்தார்? பயணி அம்மா என் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர். அந்தக் கூட்டத்தில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

பிப்ரவரி 16, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கணவர் வேலைக்குப் போய்விட்டார். போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர். ஏதோ நினைப்பில் எடுத்துவிட்டேன். “ஹலோ? ஹலோ, யார் பேசறது?” என்கிறாள் அந்தப் பெண். நான் என்னவென்று சொல்வேன்? வைத்துவிட்டாள். செருப்புக்கூடப் போடாமல் அண்ணி கடைக்கு ஓடினேன். போனை நீட்டினேன். நம்பரைப் பார்த்ததும் எதிரில் இருந்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார்.

“ஆமா... அவங்க அண்ணிதான்... ம்... ம்...”

அவ்வளவுதான். போனை வைத்தார். வாய் அசைகிறது, வார்த்தை வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். செத்தேன் என்று நினைத்தேன். அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“ஒண்ணுமில்லடி! ஒண்ணுமே இல்லியாம்! கத்திக் கத்தி வந்த கட்டியாம். எடுத்ததோட சரியாம்...” என்று அழுதார். நானும் அழுதேன், சத்தமில்லாமல். ஹேர்க்ளிப் வாங்க வந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவருக்கும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பிப்ரவரி 20, வெள்ளி

கணவருக்கும் எனக்கும் சின்னச் சண்டை. சத்தியத்தை மீறியதற்கு. நான் எழுதி எழுதிச் சண்டை போட, அவர் கண்ணாடி தேடிப் படித்துப் பதில் சொல்ல, கோபம் நடுவிலேயே ஆறிப்போயிற்று. தாங்கமுடியாமல் அக்காவிடம் போய் அழுதாராம். என் முன்னால் அழவில்லையே.

மார்ச் 2, திங்கள்

டாக்டர் பார்த்தார். புண் ஆறிவிட்டது. இன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பேசலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும்.

சாயங்காலம் அண்ணி கடைக்குப் போனேன். அடுத்த மாதம் பூத்திருவிழாவுக்கு ஆள் கேட்டு மேனேஜர் போன் செய்திருக்கிறார். எனக்கில்லை, அண்ணிக்கு. இரண்டு பேரில் யார் முன்னால் நிற்பது என்று மூன்று நிமிடம் சண்டை போட்டோம். என் குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது, ஆனால் என் குரல்தான். மீதி இரண்டு நிமிடம் சிரிப்பிலேயே போயிற்று.