அஸ்தம்பட்டி வீட்டுக் குளம்

அஸ்தம்பட்டி, சேலம்
14.3.1982

அன்புள்ள நங்கைக்கு,

பொன்னாத்தாள் எழுதுவது. ஒருவருக்கொருவர் நாத்தனார் ஆனபிறகு, பேர் சொல்லாமல் நங்கை என்று முறைவைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிவந்தாயிற்று. ஆத்தூரில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்காரர் வீட்டு அம்மா ஆனபிறகு, புதுச்சத்திரத்துப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு ஒரு இன்லேண்டு வாங்கிப் போடக்கூட உங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. போகட்டும், நானே எழுதுகிறேன்.

வீடு பெரியது. யாரோ மில் மேனேஜர் கட்டி, விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார். பின்புறம் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. என் வீட்டுக்காரர், அதுதான் உங்கள் அண்ணன், இந்த வீட்டை வாங்கியதே அதற்காகத்தான். லாரிக்கு லோடு கொடுக்கிறவர்களை ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து குளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டுமாம். இறங்கிக் குளிப்பதற்கில்லை, பார்ப்பதற்கு. அவரும் இதுவரை கால்கூட நனைக்கவில்லை.

வந்த வாரமே தண்ணீர் பச்சையாகிவிட்டது. பிறகு நாற்றமெடுத்தது. "கெணத்து மேட்டுலயே பொறந்து வளந்தவதான நீ? ஒரு தொட்டித் தண்ணியப் பாத்துக்கத் துப்பில்லையா?" என்று கேட்டார். "கெணத்துல ஊத்து இருக்குதுங்க, இதுல இல்லைங்களே" என்றேன். அதற்குப் பதில் கன்னத்தில் விழுந்தது. காதில் இரைச்சல் இன்னும் நிற்கவில்லை.

உங்கள் ஆலையில் கிழங்குமாவுத் தொட்டிகளுக்கு பிளீச்சிங் பவுடர் போடுகிறார்களே, அதை எப்படிக் கலக்க வேண்டும் என்று எழுதுங்கள். கன்னத்து விஷயம் மட்டும் உங்கள் வீட்டுக்காரர், என் கந்தப்பண்ணன் காதுக்குப் போக வேண்டாம்.

உங்கள்
பொன்னாத்தாள்


ஆத்தூர்
22.3.1982

அன்புள்ள நங்கைக்கு,

குஞ்சம்மாள் எழுதிக்கொண்டது. உங்கள் கடிதத்துக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. உங்கள் லாரி டிரைவர் சென்னிமலை இங்கே ஜவ்வரிசி மூட்டை ஏற்ற வந்தவர், உங்கள் கன்னம் வீங்கியிருப்பதை உங்கள் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் என் கூந்தலைப் பிடித்து இழுத்துப்போட்டு அடித்தார். "எந்தங்கச்சிக்கு அங்க ஒண்ணு உளுந்தா உனக்கு இங்க ரெண்டு உளுகும். போய் உங்கண்ணங்கிட்டச் சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை. சொன்னால் உங்களுக்கு நாலு விழும்.

ஒரே பந்தலில் உங்களை என் அண்ணனுக்குக் கொடுத்து, என்னை உங்கள் அண்ணனுக்கு எடுத்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் இரண்டு பெண்ணும் பத்திரமாக இருக்கும் என்று பெரியவர்கள் தாம்பூலம் மென்றுகொண்டே பேசினார்கள். அவர்களில் ஒருவரை இப்போது கையில் கிடைத்தால் நன்றாக நாலு கேட்பேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். பவுடரை வாளியில் கரைத்து, மண்டி அடங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். வெயில் தாழ்ந்து ஊற்றுங்கள், இல்லையென்றால் வெயிலே அதைத் தின்றுவிடும். கலங்கலுக்குப் படிகாரம் போடலாம். பாசிக்கு மயில்துத்தம், அதுவும் துளிதான். ஆசிட்டை மட்டும் பவுடர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இங்கே ஒருவர் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றி, கிளம்பிய புகையில் நெஞ்சு வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

காதுக்கு வெதுவெதுப்பாக நல்லெண்ணெய் விடுங்கள்.

உங்கள்
குஞ்சம்மாள்


அஸ்தம்பட்டி
19.4.1982

அன்புள்ள நங்கைக்கு,

என்னால் உங்களுக்கு அடி விழுந்ததை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இனி என்ன நடந்தாலும் சென்னிமலை கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னபடி செய்ததில் தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. உங்கள் அண்ணனுக்கு அது போதவில்லை. ஊர்க் கிணற்றில் பாசி தின்னக் கெண்டை மீன் விடுவோமே, அதுபோல ஏரியிலிருந்து இரண்டு குடம் மீன் பிடித்துவரச் சொல்லி, சனிக்கிழமை நான் சந்தைக்குப் போயிருந்தபோது விட்டுவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. நான் பொழுது சாய வந்து வழக்கம்போல மருந்தை ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்தபோது குளம் முழுக்க மீன் வயிறு மேலே மிதந்தது. அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கார் கேட்டைத் தாண்டும்வரை சிரித்த முகத்தோடு கையசைத்தவர், திரும்பி வந்து தரை தேய்க்கும் பிரஷ்ஷின் நீளக் கம்பை எடுத்தார். முதுகில், தொடையில், தடுத்த கையில் எல்லாம் விழுந்தது. பிறகு என்னைத் தண்ணீருக்குள் தள்ளி, ஒவ்வொரு மீனாகப் பொறுக்கச் சொன்னார். நான் ஏற வந்தபோதெல்லாம் கம்பு நுனியால் தலையை அமுக்கினார். செத்த மீன் நாறும் மருந்துத் தண்ணீரைக் குடித்தேன், நங்கை. இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

யார் கேட்டாலும் பாசியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

உங்கள்
பொன்னாத்தாள்


ஆத்தூர்
2.5.1982

அன்புள்ள நங்கைக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். உங்கள் அண்ணன் கேட்டதற்கு, "நங்கை பாசில வழுக்கி உளுந்துட்டாங்களாம்" என்றேன். என் முகத்தையே பார்த்தார். நல்லவேளை, கிழங்கு லோடு வந்து கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

ஒரு நல்ல செய்தி. எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. வைத்தியச்சி மாரக்காள் கைபார்த்து நிச்சயமாகச் சொல்லிவிட்டாள். ஆறு வருஷம் கழித்து. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பிள்ளை பிறக்கும்வரை உங்கள் உடம்பில் ஒரு காயமும் வெளியே தெரிய வேண்டாம். அவரை எதிர்த்துப் பேசாதீர்கள். குளத்தைக் கண்ணாடி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

உங்கள்
குஞ்சம்மாள்


அஸ்தம்பட்டி
30.7.1982

அன்புள்ள நங்கைக்கு,

வயிறு தெரிகிறதா? சாம்பலைத் தின்னத் தோன்றுகிறதா?

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். முதலில் நல்லதைச் சொல்கிறேன். குளம் இப்போது என் சொல் கேட்கிறது. பம்பு ரூமில் மணல் நிரப்பிய பெரிய உருளை ஒன்று இருக்கிறது, தண்ணீரை வடிகட்ட. அதில் அழுக்கு அடைத்தால் வால்வைத் திருப்பி, தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டு மணலைக் கழுவ வேண்டும். தட்டுத் தடுமாறி நானே கண்டுபிடித்தேன். அடியில் காசு விழுந்தால் பூவா தலையா என்று சொல்லிவிடலாம்.

அத்தனை பாடுபட்ட தண்ணீரில் இறங்க எனக்கும் ஆசை இருக்காதா? மத்தியானங்களில் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலடித்துப் பழகினேன். போன வாரம் கையை விட்டேன், மிதந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அன்றைக்கென்று அவர் சீக்கிரம் வந்துவிட்டார். "ஈரச் சேலையோட எவனுக்குடி காட்டற?" என்று முடியைப் பிடித்துக் கரையில் இழுத்தார். சிமெண்டில் முழங்கை மோதி எலும்பு முறிந்தது. சென்னிமலை கேட்டருகே நின்று பார்த்துவிட்டார். வாயைத் திறக்க வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறேன். உங்களுக்காகத்தான் கெஞ்சினேன்.

பொன்னாத்தாள்


ஆத்தூர்
23.8.1982

நங்கைக்கு,

சென்னிமலை சொல்லிவிட்டார்.

உங்கள் அண்ணன் கையால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காலால் உதைத்தார். "எந்தங்கச்சி கைய ஒடச்ச குடும்பத்துப் புள்ளை என் ஊட்டுல பொறக்க வேண்டாம்" என்றார். அது அவர் பிள்ளையும்தான் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. ராத்திரியே கலைந்துவிட்டது. ஆண் குழந்தை.

என் அண்ணனுக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் இன்னொரு கை போகும்.

படுத்துக்கொண்டே ஒன்று யோசித்தேன். "அண்ணனிடம் சொல்லாதீர்கள்" என்று எனக்கு எத்தனையோ முறை எழுதிவிட்டீர்கள். "என் பேரைச் சொல்லி அவளை அடிக்காதே" என்று உங்கள் அண்ணனுக்கு ஒரு வரி எழுதினீர்களா? "எனக்காகக் கை ஓங்க ஒருவன் இருக்கிறான்" என்பது உங்களுக்கு உள்ளூரக் கொஞ்சம் ஆறுதலாக இருந்ததோ என்னவோ.

குஞ்சம்மாள்


அஸ்தம்பட்டி
24.10.1982

அன்புள்ள நங்கைக்கு,

கருமாதிக்கு வந்தபோது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உங்கள் அண்ணனுக்கு என்னதான் நடந்தது என்று கேட்டீர்கள். அத்தனை கூட்டத்தில் என்னால் பேச முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

உங்கள் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கந்தப்பண்ணனுக்கு எழுதினேன். "இனி அவளைத் தொட்டால் உனக்குத் தங்கச்சி இல்லை, கேட்பதானால் என்னை அடிக்கிறவரை நேரில் வந்து கேள்" என்று எழுதினேன். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கொடுவாளோடு இங்கே வந்தது.

வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ரெண்டு அடி விழுந்தது, உதடு கிழிந்தது. பிறகு உங்கள் அண்ணன் பிராந்தி பாட்டிலை எடுத்துவந்தார். மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் குளத்தோரம் ஒரே தட்டில் கறி தின்றுகொண்டிருந்தார்கள். "பொம்பளைக ரெண்டும் கடுதாசி போட்டே நம்மளப் பிரிக்கப் பாக்கறாளுக, மாப்ள" என்றார் உங்கள் அண்ணன். "இனிமே உன் ஊட்டுல நடக்கறத நான் கேக்கல, என் ஊட்டுல நடக்கறத நீ கேக்காத" என்றது என் அண்ணன். கையடித்துக்கொண்டார்கள். அடுத்த கறித்தட்டோடு நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆறு மாதம் நீங்களும் நானும் பொய் சொல்லிப் பொத்திவைத்ததெல்லாம் அவர்களுக்கு ஒரு வாய்க் கறிக்குள் முடிந்துவிட்டது.

அப்புறம் ஊர்க் கிணற்றில் யார் அதிக உயரத்திலிருந்து குதித்தது என்று பேச்சு வந்தது. உங்கள் அண்ணன் பம்பு ரூம் மேலே ஏறினார். அந்தப் பக்கம் தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. கிணறு என்றால் எங்கே குதித்தாலும் ஆழம்தானே, அந்த நினைப்பில் நின்றார். இது ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேடு என்று தினமும் தேய்க்கிற எனக்குத்தான் தெரியும். கையை நீட்டி, தலைகீழாகப் பாய்ந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் மேலே வரவில்லை. "மூச்சடக்கறான் பாரு" என்று சிரித்துக்கொண்டே அண்ணனும் ஏறிக் குதிக்க நின்றது. நான் போட்ட கூச்சலில் இறங்கி வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கினோம். கழுத்து நிற்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, நங்கை. இனி இங்கே அடிக்க ஆளில்லை. அதனால் அங்கே உங்களை அடிக்கவும் காரணமில்லை. நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். அறைகள் சும்மா கிடக்கின்றன. உங்களுக்கு மிதக்கக் கற்றுத் தருகிறேன்.

உங்கள்
பொன்னாத்தாள்


ஆத்தூர்
5.11.1982

நங்கைக்கு,

வருகிறவர்களிடமெல்லாம் உங்கள் அண்ணன் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், "எந்தங்கச்சி சத்தம் போட்டிருக்காட்டி நானும் போயிருப்பேன்" என்று. நேற்றும் குடித்துவிட்டு வந்து, குழம்பில் உப்பில்லை என்று அடித்தார். முன்பெல்லாம் அடிப்பதற்கு உங்கள் பேரையாவது சொல்ல வேண்டியிருந்தது. அன்று அவர்கள் கையடித்துப் பேசியது போதை தெளிந்தால் போயிருக்கும். ஆனால் இவளுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று இவருக்குக் கொஞ்சமாவது இருந்த பயம் இப்போது போய்விட்டது.

என் அண்ணன் உங்களுக்குச் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும். அவர் ஏறியபோது நீங்கள் வாய் திறக்காததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். உங்கள் இடத்தில் நின்றிருந்தால் நானும் பேசாமல்தான் இருந்திருப்பேன்.

என் வயிற்றில் உதைத்தவன் ஏறியபோது கத்தினீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

குஞ்சம்மாள்