ரோஷன் வைத்த வீடு

யான்பு புதுநகர், சவூதி அரேபியா

என் பிரியத்துக்குரிய ஐமனின் வாப்பாவுக்கு,

இறைவனின் சாந்தி உங்களைச் சூழட்டும். நானும் பிள்ளைகளும் நலம். ஐமனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் பார்க்கச் சகிக்கவில்லை.

முதலில் ஒன்று: வேலையை விடும் பேச்சை அங்கே யாரிடமும் எடுக்காதீர்கள். நான் ஜெயித்துவிட்டேன்!

நீங்கள் பயிற்சிக்குக் கிளம்பும்போது என்ன நிலைமை? தெருவைப் பார்த்து ஆளுயரக் கண்ணாடி ஜன்னல். ஆலைக்குப் போகிற வருகிற ஆண்கள் கண்ணெல்லாம் நம் கூடத்தில். வெள்ளித்தாள் ஒட்டினால் பகலிலேயே இருட்டு; கிழித்தால் அடுப்படியில்கூட முகத்திரை. ஆலை கொடுத்த இந்த வீட்டில் இனி இருக்கமாட்டேன் என்று நான் அழுததும், வேலையையே விட்டுவிடுகிறேன் என்றீர்கள். இந்த வீடுகளுக்கு வரைபடம் போட்ட வெளிநாட்டுக்காரரோ, வாசலில் வளைவு வைத்திருக்கிறேனே, இதுதானே இஸ்லாமியக் கட்டடக்கலை என்று நமக்கே பாடம் நடத்தினார். வளைவு என்ன, திரை போட்டு மறைக்குமா?

மனு கொடுத்து அலுத்துப்போனேன். அதனால் வீடமைப்புத் தலைவரின் மனைவி உம்மு ஜுஹைரை மதிய விருந்துக்கு அழைத்தேன். அவர் வருமுன் வெள்ளித்தாளை எல்லாம் உரித்துப் போட்டேன். பாவி என்றுதான் சொல்லுங்கள்!

வந்ததும் அங்கியையும் முகத்திரையையும் கழற்றினார். எதிரே விளக்குக் கம்பத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருந்த ஆள்களைப் பார்த்தார். "யா அல்லாஹ்!" என்று அலறி மறுபடி போர்த்தியவர்தான், பிறகு கழற்றவே இல்லை. மீன்சோற்றை ஒவ்வொரு வாயாகத் திரையைத் தூக்கித் தூக்கிச் சாப்பிட்டார். பாதியில் தட்டைத் தள்ளிவிட்டு, "ஏண்டி நாயிலா, இது வீடா, கடைக் கண்ணாடியா? உனக்கு என்னதான் வேணும், சொல்லு" என்றார். பழைய யான்பு வீடுகளில் இருக்கிறதே, வெளியே நீட்டிய மரப்பின்னல் ஜன்னல், அந்த ரோஷன்தான் வேண்டும் என்றேன். "இன்னைக்கு ராத்திரி எங்க வீட்டு மனுஷன் தூங்கிடுவாரா, பார்க்கிறேன்" என்று எழுந்து போனார்.

தூங்கவிடவில்லை போலிருக்கிறது. நம் வீட்டில் ரோஷன் வைத்தாயிற்று. இனி இந்தத் தெரு முழுக்க வருகிறதாம். அதற்கு வெளிநாட்டுக்காரரே அளவு எடுக்க வந்தார். நம் ரோஷனுக்குள் நின்று, கடற்காற்று எப்படி நுழைகிறது என்று மரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இதோ, தலைமுடியை உலரவிட்டு ரோஷனுக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தெருவே எனக்குத் தெரிகிறது. தெருவுக்கு நான் தெரியவில்லை. இறைவன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீங்கள் வண்டியை விட்டு இறங்குவதை நான்தான் முதலில் பார்ப்பேன். என்னைப் பார்க்க வேண்டுமென்றால், நீங்கள் வீட்டுக்குள் வரவேண்டும். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்
நாயிலா