எஸ்தரக்கா எனக்காகச் செய்த ஜெபம்

புதன் இரவு.

வேத பாடம் முடிந்ததும் எஸ்தரக்கா இன்று எனக்காக ஜெபித்தாள். சத்தமாக, கண்ணீரோடு. “எங்க லில்லி வீட்டுக்காரரு மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சிட்டாருப்பா. குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டுறப்பவும் குடிக்கிறாரு. இரங்குங்க தகப்பனே.”

வேலையில் ஏலக்காய் தரம் பிரிக்கும்போது அவளிடம் மட்டும் நான் சொன்னது அது. என் மகளைப் பெண் கேட்டிருக்கும் ராசிங்காபுரத்து அம்மாவும் அங்கேதான் முழங்காலில் இருந்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஜெபத்தின் நடுவில் ஒருத்தியை வாயை மூடு என்று சொல்ல முடியுமா?

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மனசுல பாரமா இருந்துச்சு லில்லி, அதான் ஜெபிச்சேன்” என்றாள்.

“வாயத் தொறந்து ஜெபிச்சுப் பழகும்மா, அப்பத்தான் விசுவாசத்துல வளருவ” என்று பாஸ்டரம்மா வெகுநாளாகச் சொல்கிறார். எனக்குத்தான் கூச்சம். இன்றோடு அது போயிற்று. அடுத்த புதன் நான் ஜெபிப்பேன். எஸ்தரக்காவின் மருமகள் தாய்வீடு போனது, அக்கா எல்லோரிடமும் சொல்வதுபோலப் பிரசவத்துக்காக இல்லை. மாமியார் கை நீட்டியதால் போனாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போதே சொல்லிப் பார்த்தேன். அழுகைகூடத் தானாக வருகிறது. முடிவில் அவளும் ஆமென் சொல்லித்தானே ஆக வேண்டும்.