பிரிட்ஜ் கதவுக்கு நான் போட்ட காவல்

செல்லக்குட்டிக்கு அப்பா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், இங்கேயும் அப்படித்தான் என்று வழக்கம்போல எழுத இன்று கை கூசுகிறது, போனில் சொல்லவோ வாய் வரவில்லை. நீ அனுப்பிய எலெக்ட்ரானிக்ஸ் பெட்டியை வைத்து பிரிட்ஜைப் புத்திசாலியாக்கிவிட்டேன் என்று போன மாதம் பீற்றிக்கொண்டேனே, அந்த விஷயம்தான். கதவு சரியாக மூடாமல் ஐஸ் கட்டுகிறதே என்று கதவில் ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு சுவிட்ச், மேலே ஒரு சின்ன போர்டு, ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் கீக்கீ என்று கத்தும். ரெண்டு விரலைச் சுட்டுக்கொண்டு ஒயரெல்லாம் நானே பற்றவைத்தேன். அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் வண்டி வந்த நேரமும் போன நேரமும் எழுதிய டைம் கீப்பர் புத்தி சும்மா இருக்குமா, கதவு திறக்கிற நேரமெல்லாம் என் போனில் பதிவாகும்படி செய்துவிட்டேன். அதை மட்டும் உன் அம்மாவிடம் சொல்லவில்லை.

மற்ற நேரங்களை விடு, தினமும் காலையில் நான் குளிக்கப் போனதும் ஒருமுறை, சாயங்காலம் நான் நடக்கப் போனதும் ஒருமுறை, தவறாமல் கதவு திறக்கிறது. சர்க்கரை உள்ளவள், எனக்குத் தெரியாமல் இனிப்பு தின்கிறாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். தனியாகக் கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் அத்தையும் மாமாவும் வந்திருந்தபோது, என் சாமர்த்தியத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று போனை எடுத்து ஒவ்வொரு நேரமாக வாசித்தேன், வீட்டில் ஒரு திருட்டுப் பூனை இருக்கிறது என்று வேறு சொன்னேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். உன் அம்மா எழுந்து போய், காய்கறித் தட்டுக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்து மேசைமேல் திறந்து வைத்தாள். உள்ளே இன்சுலின் பேனாவும் ஊசிகளும். நான் திருடித் தின்னது இதைத்தாங்க என்றாள், அவ்வளவுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

ரெண்டு மாதமாகத் தனக்குத்தானே வயிற்றில் குத்திக்கொண்டிருக்கிறாள் குட்டி. இவர்கிட்ட சொன்னா அன்னைக்கே அவளுக்குப் போன் போயிடும், புது வேலையில சேர்ந்த பொண்ணு லீவு போட்டுட்டு ஓடி வருவா, அதான் சொல்லலை என்று அதற்கப்புறம் அத்தையிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை. அன்றைக்கே ஒயரையெல்லாம் பிய்த்துப் போட்டேன், மன்னிப்பும் கேட்டேன், சரி விடுங்க என்றாள். நீ பதறி ஓடி வராதே, அவள் பயந்ததே அதற்குத்தான். ஆனால் இந்த வாரம் என்னிடம் விசாரிக்காமல் நேராக அவளிடம் பேசு, அப்பா எழுதிவிட்டார் என்றே சொல். இன்று காலை நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பிரிட்ஜ் கதவில் கை வைத்தபடி என் பக்கம் திரும்பி, நான் ஒன்றும் கேட்காமலே, தண்ணிதாங்க எடுக்கறேன் என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. ரெண்டு பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் நம்பிக்கையாக, நல்லபடியாக இருங்கள்.

தலை நிமிர முடியாமல்,
உன் அப்பா