கொடி மாறின கப்பல்

ஜூன் 16, திங்கள்

கச்சான் காற்று. வீட்டுக்குள்ளேயும் மணல். தண்ணீர் லாரி வரவில்லை. காஸ் பதிய வேண்டும். மகள் நஸ்ரினுக்குப் பள்ளி ஷூ.

கம்பெனியிலிருந்து போன். கப்பலை விற்றாயிற்றாம். வாங்கியவர் வெளிநாட்டுக்காரர். கொடி மாறும், ஆட்களும் அவருடைய ஆட்கள். ஓட்டம் மட்டும் அதேதான், தூத்துக்குடி–கொல்கத்தா. விடுப்பு முடிந்து நான் திரும்பிப் போக அதில் போசன் வேலை இல்லை. டெக் ஆட்களை மேய்க்க இனி வேறு ஆள். சரி சார் என்றேன். வேறென்ன சொல்வது? போனை வைத்துவிட்டு இட்லி சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஜரினாவிடம் இன்றுதான் சொன்னேன். நம் துறைமுகத்திலிருந்து நம் துறைமுகத்துக்குப் போகும் சரக்கை நம் கப்பல்தான் ஏற்ற வேண்டும், அடுத்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கொஞ்சம் கத்தினேன். அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஒங்க தம்பி மலேசியாவுல அந்த ஊருச் சரக்கத்தானே ஏத்துறாரு. அவுகளும் இப்புடிச் சொன்னா?"

அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

மீன் சங்கரா. உப்பு கூடுதல்.

ஜூன் 19, வியாழன்

ஷூ வாங்கியாச்சு. ஒரு அளவு பெரிது, அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.

முருகேசன் போன். ஐ.டி.ஐ.யில் என்னோடு படித்தவன், முதுகுளத்தூரில் மிளகாய் வியாபாரம். குஷியில் இருந்தான். கொல்கத்தாவுக்குக் கண்டெய்னர் வாடகை குறைகிறதாம், அடுத்த நடையிலிருந்து. லாரியில் அனுப்பிக் கையைச் சுட்டுக்கொண்டவன்.

"எவன் கொடி பறந்தா எனக்கென்ன மாப்ள. குண்டு மொளகா நமுக்காமப் போய்ச் சேரணும்."

எந்தக் கப்பல் என்று கேட்டேன். பெயரைச் சொன்னான். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மழையை விசாரித்தான், மகளை விசாரித்தான், வைத்துவிட்டான்.

அவன்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவனும் பிழைக்கட்டும். என் பிழைப்பு போனதும் உண்மைதான்.

ஜூன் 20, வெள்ளி

கப்பல் தூத்துக்குடியை நெருங்கினால் ஜரினாவின் போன் சத்தம் கொடுக்கும். கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஆப்பில் அப்படி வைத்திருக்கிறாள். உடனே நெய்ச்சோறும் கறியும் ஆக்கி, கேரியரில் அடுக்கி, மகளைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்தில் பஸ் மாறி வந்துவிடுவாள். துறைமுக கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூவரும் சாப்பிடுவோம். நான் திரும்பக் கப்பலேறுவேன். எங்கள் குடும்பம் பாதி அந்த பெஞ்சில்தான் நடந்தது. வெளிநாட்டு ஓட்டத்துக்குப் போகாமல் சம்பளம் குறைந்தாலும் இங்கேயே கிடந்தது அதற்காகத்தான்.

இன்று ஜும்மா முடிந்து வீட்டுக்கு வருகிறேன். வாசலில் கேரியர். பக்கத்தில் புதுச் சட்டையும் புது ஷூவுமாக நஸ்ரின். உள்ளேயிருந்து ஜரினா பர்தாவைச் சரிசெய்தபடி வந்தாள். என்னைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"போனு அடிச்சுச்சு. கை பாட்டுக்கு அரிசியக் களைஞ்சிருச்சு" என்றாள்.

நான் சிரித்திருக்கலாம். கேரியரை எடுத்து உள்ளே வைத்தேன். அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம், கறி நன்றாக இருந்தது. நஸ்ரின் ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று அடம். எனக்கு அழுகை வருமோ என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலையிலிருந்து கரண்ட் இல்லை. காஸ் வந்தது. கம்பெனியிலிருந்து கணக்கு முடிக்கவில்லை, திங்கள் பேச வேண்டும்.

தம்பி ரஹீம் போன். அவன் இருப்பது மலேசியத் துறைமுகங்களுக்கிடையிலேயே ஓடும் சரக்குக் கப்பல். கொடி மட்டும் வேறு எங்கேயோ. போசன் இடம் காலியாகப் போகிறதாம். இப்போது இருப்பவர் அந்த ஊர்க்காரர். அவருக்குக் கொடுக்கிற சம்பளம் கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லையாம்.

"ஒங்களுக்கு அதுல பாதி குடுத்தாலே நம்ம ஊருக்கு அது பெருசுண்ணே. வாரீகளா?"

அந்த ஆளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இன்னும் சொல்லவில்லையாம். விடுப்பில் வீட்டுக்குப் போயிருக்கிறாராம்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஜரினா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தினாள், பிறகு மறுபடி மடித்தாள்.

வருகிறேன் என்றேன். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பியாச்சு.

அவர் பெயரைக் கேட்கவில்லை.