மிஸ் சேர்த்த வரி

புதன்கிழமை, எண்ணூர்

வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றத்தில் எனக்குப் பிடித்த படத்தைப் பற்றிப் பேச வேண்டும். உலகம் அழிந்து, கடல் முழுவதும் சாம்பலாகிவிடும் அந்தக் கார்ட்டூன் படத்தைப் பற்றி எழுதினேன். அதில் ஒரு பெண் சாம்பலுக்குள் கைவிட்டுக் கடைசி மீனைத் தேடுவாள். ஏழு முறை பார்த்துவிட்டேன்.

கடைசியில், "எங்கள் ஆற்றிலும் ஆலைச் சாம்பல் படிந்திருக்கிறது. என் அம்மா அதற்குள் கைவிட்டுத்தான் இறால் பிடிக்கிறார்" என்று எழுதியிருந்தேன். தமிழ் மிஸ் அதை அடித்துவிட்டார்.

"படத்தப் பத்திப் பேசச் சொன்னா ஊர்க்கதை எதுக்கு?" என்றவர், "நல்லவேளை, இது வெறும் கற்பனை" என்று சிவப்பு மையில் சேர்த்தார். அதைச் சொல்லாவிட்டால் பேசுபவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவாராம். வகுப்பே சிரித்தது.

வீட்டில் அம்மா பறியைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரில் இறங்கினால், பிடிக்கும் இறாலைப் போட அம்மா பல்லில் கடித்துக்கொள்ளும் ஓலைக்கூடை அது. நடந்ததைச் சொன்னேன்.

"அந்தப் படமா? கையொற போட்டுகினு தடவுறாளே, அவளா? வெரல்ல குத்தாம எறா கீதுன்னு எப்பிடிடி தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

"மிஸ் சொல்றதயே சொல்லிடு. அன்னிக்கு நான் ஆத்துக்குப் போவல. நீ பேசுறதப் பாக்க வரேன்."

நகத்தில் சாம்பலோடு அம்மா எதிரே உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்துக்கொண்டே கற்பனை என்று சொல்ல வேண்டுமா? மாட்டேன். பெயரை எடுத்தால் எடுக்கட்டும். சிவப்பு வரியை இப்போதுதான் அடித்தேன். தாள் கிழிந்துவிட்டது.