சுவிட்சில் மாட்டிய போர்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் சத்தம் ஹால்வரை கேட்கிறது. நான் மறுபடி சுரங்கத்தில் முதல் ஷிப்டுக்குப் போகத் தொடங்கிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஒரு லட்சம் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை இந்த ஒரே பெட்டிக்குள் நிஜம்போல ஓடவிடுவதுதான் உன் ஆராய்ச்சி என்றாய். அத்தனைக்கும் இது ஒன்றே கணக்குப் போடுவதால், உள்ளே ஒரு நிமிடம் நகர வெளியே நான்கு நாள் ஆகும் என்றாய். அப்போது எனக்குப் புரியவில்லை.

அதை ஓடவிட்ட கையோடுதான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாய். என் மைன்ஸ் பையிலிருந்த ‘ஆள் வேலை செய்கிறார், தொடாதே’ போர்டை சுவிட்சில் மாட்டினாய்.

“மந்தாரக்குப்பம் போயிட்டு பத்து நிமிஷத்துல வந்துடறேன்பா. யாரும் ஆஃப் பண்ணிடாதீங்க.”

நேற்று பதினாறாம் நாள் காரியம். உன் அத்தை, “இன்னும் யாருக்குண்ணா இது ஓடிக்கினு இருக்கு? நிறுத்திடலாம்” என்று சுவிட்சுப் பக்கம் போனாள். போர்டை மாட்டிய ஆள்தான் வந்து கழற்ற வேண்டும், அது மைன்ஸ் விதி என்றேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

ஸ்கூட்டரைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எடுத்துப்போகச் சொல்கிறார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லோரும் போனபின் திரையைப் பார்த்தேன். உள்ளே நான்கு நிமிடம்தான் ஆகியிருக்கிறது. நீ சொன்னதில் இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது.

வாசல் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கும்
அப்பா